நகையை அடகு வைத்து பைக் மெக்கானிக் கோர்ஸ் படிக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 20 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அண்ணனுடைய டூவீலர் ஒர்க்ஷாப்பில் வேலை பழகுகிறேன். ஜெனரல் சர்வீஸ், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட் எல்லாம் தனியாகவே செய்துவிடுவேன். ஹாஃப் இன்ஜின் வேலை, அண்ணன் பக்கத்தில் இருந்தால் செய்வேன். வயரிங் கம்ப்ளைண்ட் வந்தால் அடுத்த தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டியில் இன்ஜின் லைட் எரிந்தால் 'ஷோரூமுக்குக் கொண்டு போங்க' என்று அனுப்பிவிடுவோம். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 6 மாத கோர்ஸ் இருக்கிறது. கட்டணம் 90,000 ரூபாய், வேலை நிச்சயம் என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைத்துக் கட்டலாம் என்கிறார். ஒர்க்ஷாப் அண்ணனோ, 'கோர்ஸ் படிச்சவன் எவனும் ஸ்பேனர் பிடிச்சதில்ல, இங்கேயே இரு' என்கிறார். எனக்கு இங்கிலீஷும் சரியாக வராது. எலக்ட்ரிக் வண்டி வந்தால் இந்தத் தொழிலே போய்விடும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்:

தம்பி, அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது ஒன்றுதான் அவசரம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்கப் போகத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான படிப்பு அரசு ஐ.டி.ஐ.யில் கிட்டத்தட்ட செலவே இல்லாமல் கிடைக்கும்போது, 90,000 ரூபாய்க் கடனோடு தொழிலைத் தொடங்க என்ன அவசியம்? அந்தக் கடனை அடைக்கும் அவசரத்திலேயே பலர் முதலில் கிடைத்த வேலையில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பட்டறையில் தொடங்கி, பிறகு ஷோரூம் சர்வீஸ் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். வேலைக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது, கட்டணமோ மையமோ இல்லை. வயரிங் என்றால் வெளியாளைக் கூப்பிடுகிறோம், இன்ஜின் லைட் எரிந்தால் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகள்தான். நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்பதை உங்கள் ஒர்க்ஷாப்பே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்தப் பள்ளி அந்த இரண்டையும் உங்களுக்குக் கற்றுத் தருமோ அது நல்ல பள்ளி. தராவிட்டால், கட்டணம் வாங்காவிட்டாலும் அது உங்கள் நேரத்துக்கு நஷ்டம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 விதி வந்தது. அதோடு கார்புரேட்டர் காலம் ஏறக்குறைய முடிந்தது. ஸ்ப்ளெண்டர், எக்ஸ்.எல். 100 மாதிரி கிராமத்து வண்டிகளிலேயே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பெட்ரோலை எவ்வளவு விட வேண்டும் என்பதை இப்போது கார்புரேட்டரின் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் தீர்மானிப்பதில்லை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகிற காற்றின் அழுத்தமும் சூடும் என்ன, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று சென்சார்கள் சொல்கிற கணக்கைப் பார்த்து ஈ.சி.யூ. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 2019 ஏப்ரலில், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. இப்படி வந்த முதல் வண்டிகளுக்கெல்லாம் வாரண்டி முடிந்துகொண்டிருக்கிறது. ஃப்ரீ சர்வீஸ் இருக்கும்வரை ஷோரூமுக்குப் போனவர்கள் இனி உங்கள் மாதிரி ஒர்க்ஷாப்பைத்தான் தேடி வருவார்கள். வருகிறவர்களை நீங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணனுடைய ஒர்க்ஷாப்புக்குக் கைராசி குறைந்துவிடவில்லை தம்பி, வண்டி மாறிவிட்டது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்க்கலாம். ஹோண்டா ஸ்கூட்டர் ஒன்று இன்ஜின் லைட் எரிந்தபடி வருகிறது. ஐடிலிங் நிற்கவில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது. பழக்கமான வழியில் போனால் முதலில் பிளக் மாற்றுவோம், ஏர் ஃபில்டர் மாற்றுவோம். சரியாகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகம் வரும். அதை வாங்கிப் போட்ட பிறகும் லைட் எரியும். வாடிக்கையாளரிடம் பணம் கேட்கவும் முடியாது, வாங்கிய பம்பைக் கடையில் திருப்பித் தரவும் முடியாது.

படித்தவர் வேறு இடத்தில் தொடங்குவார். முதலில் பேட்டரி வோல்ட்டேஜ். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்கிறதா? சார்ஜிங் சரியில்லாத வண்டியில் சென்சாரைத் தேடுவது வீண். அது சரி என்றால், சர்வீஸ் மேனுவல் சொல்கிறபடி செக் கனெக்டரை ஷார்ட் செய்து லைட் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுவார். ஹோண்டாவில் நீளமான சிமிட்டல் ஒன்று பத்துக்குச் சமம், குட்டிச் சிமிட்டல் ஒன்றுக்குச் சமம். எட்டு முறை குட்டியாகச் சிமிட்டினால் த்ராட்டில் பொசிஷன் சென்சார் பக்கம் பிரச்சினை. இங்கேதான் அரைகுறையாகக் கற்றவர் சறுக்குவார். பழுதைக் காட்டும் எண் வந்துவிட்டதே என்று சென்சாரை மாற்றிவிடுவார். ஆனால் அந்த எண் சொல்வது உடம்பு சுடுகிறது என்பதை மட்டும்தான், எதனால் என்று அது சொல்லாது. சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா, த்ராட்டிலை மெல்லத் திருகும்போது வெளியே வருகிற வோல்ட்டேஜ் தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி, வாட்டர் வாஷில் தண்ணீர் புகுந்து பச்சை பிடித்த ஒரு கனெக்டராகத்தான் இருக்கும். சுத்தம் செய்து மாட்டினால் வேலை முடிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் செலவு கிடையாது, உங்கள் அறிவுக்குக் கூலி வாங்கலாம்.

இந்த மூன்று இடத்தைப் பார்க்கத் தெரிவதுதான் பள்ளியில் கிடைக்க வேண்டியது. அளந்து பார்ப்பதும், அளந்த எண்ணை வைத்து யோசிப்பதும். மல்டிமீட்டர், வெர்னியர், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், டார்க் ரெஞ்ச் என்று அளக்கிற கருவி எல்லாம் இதில் சேரும். ஒர்க்ஷாப்பில் இதைக் கற்க முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மாலைக்குள் டெலிவரி கொடுக்க வேண்டிய வண்டி முன்னால் நிற்கும்போது, சிலிண்டர் போரை ஆறு இடத்தில் அளந்து நோட்டில் எழுதிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். தப்பாகச் செய்து, ஏன் தப்பு என்று உட்கார்ந்து யோசிக்கப் பள்ளியில்தான் நேரம் கிடைக்கும்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. சான்றிதழோடு வந்த பையன்களில், வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடவே தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த நட்டை எவ்வளவு இறுக்கினால் த்ரெட் போகும் என்பது புத்தகத்தில் படித்து வராது, கைக்குத்தான் தெரியும். ஓடுகிற இன்ஜினில் டேப்பெட் சத்தம் எது, டைமிங் செயின் சத்தம் எது, கிளட்ச் ஹவுசிங் சத்தம் எது என்று பிரித்துக் கேட்கும் காதும் அப்படித்தான். இவையெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றரை வருடம் அதற்குத்தான் செலவாகியிருக்கிறது. அதனால்தான் அந்த 6 மாத கோர்ஸ் உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ஸ்பேனரே பிடிக்காதவரை ஆறு மாதத்தில் ஜெனரல் சர்வீஸ் செய்யும் அளவுக்குக் கொண்டுவருவதுதான் அந்த மாதிரிக் கோர்ஸ்களின் நோக்கம். நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

அண்ணன் சொல்வதில் மறுபாதி, அவருக்கு நீங்கள் தேவைப்படுவது. அதில் தப்பில்லை, நல்ல பையனை யார் விடுவார்கள்? ஆனால் அதை உங்கள் முடிவுக்குக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஐ.டி.ஐ.யில் எதில் சேர்வது? 'மெக்கானிக் டூ அண்ட் த்ரீ வீலர்' என்று ஒரு டிரேடு இருக்கிறது, 1 வருடம். 'மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்' 2 வருடம், கார், லாரி எல்லாம் சேர்ந்து வரும். 'மெக்கானிக் ஆட்டோ எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்' என்று தனியாகவும் ஒன்று உண்டு. உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கடைசி டிரேடு எட்டுகிற தூரத்தில் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். எலக்ட்ரிக்கல்தான் உங்களுக்கு இல்லாதது, மெக்கானிக்கல் கைவசம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் டூ அண்ட் த்ரீ வீலர். அதுவும் இல்லை என்றால் மோட்டார் வெஹிக்கிள். இரண்டு வருடம் நீளமாகத் தெரியும், ஆனாலும் 22 வயது ஒன்றும் தாமதமில்லை. எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லா டிரேடும் இருக்காது. பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், சில இடங்களில் விடுதியும் உண்டு.

செலவைப் பற்றி: தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாடப்புத்தகம், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் என்று அரசு தருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது, அதில் ஐ.டி.ஐ. படிப்பும் சேரும். பள்ளி முடித்து இடைவெளி விட்ட உங்களுக்குப் பொருந்துமா என்பதை அலுவலகத்தில் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். தங்கை இருந்தால் அவருக்கு 'புதுமைப் பெண்' திட்டம் இதே மாதிரி இருக்கிறது. (பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லையே என்று எனக்கு நெடுநாளாக வருத்தம். ஈ.சி.யூ. டயக்னாஸ்டிக் வேலைக்கு வேண்டியது பொறுமையும் ஒழுங்கும். ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். தங்கள் வண்டியை ஒரு பெண்ணிடம் விட முடிந்தால் எத்தனை பேர் நிம்மதியாக வருவார்கள்!)

ஐ.டி.ஐ. என்றதும் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துப் போகாதீர்கள். சில இடங்களில் மேசை மேல் இருக்கும் இன்ஜின் ஓடி வருடக்கணக்காகியிருக்கும், இன்னும் கார்புரேட்டரையே பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். சில இடங்களில் ஆசிரியர் அருமையாக இருப்பார், கருவி இருக்காது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே எலக்ட்ரிக் வெஹிக்கிள் மெக்கானிக் டிரேடும் கொண்டுவரப்பட்டிருக்கிறது. உங்கள் பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எப்படியானாலும் சேரும் முன் ஒரு நாள் நேரில் போய், அந்த டிரேடின் ஒர்க்ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஓடுகிற பி.எஸ். 6 வண்டி ஒன்றாவது இருக்கிறதா, ஈ.சி.யூ.வில் பதிந்த பழுதைப் படிக்கும் ஸ்கேன் டூல் இருக்கிறதா, ஒரு வண்டியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். சீனியர் பையன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, போன மாதம் நீ உன் கையால் என்ன பிரித்தாய் என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

குறைகள் இருந்தாலும் ஐ.டி.ஐ.யைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அது முடித்ததும் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ். அதை வைத்து 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் அப்ரென்டிஸாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்த பழகுநருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019-இல் திருத்திய விதிகள் நிர்ணயித்தன. ஓசூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வண்டித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் போகட்டும், உங்களுக்கு நான் சொல்வது நல்ல டீலரின் சர்வீஸ் சென்டர். தொழிற்சாலை லைனில் நாளெல்லாம் ஒரே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். சர்வீஸ் சென்டரில் வண்டிக்கு வண்டி வேறு கம்ப்ளைண்ட் வரும், கம்பெனியின் ஸ்கேன் டூலும் சர்வீஸ் மேனுவலும் உங்கள் கைக்கு எட்டும். கம்பெனி நடத்துகிற டிரெய்னிங்குக்கும் அனுப்புவார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுச் சொந்த ஒர்க்ஷாப் போட்டவர்கள் நன்றாக இருப்பதைப் பார்க்கிறேன். அங்கேயே தங்கிவிட்டால் வேறொரு குறை வரும். ஷோரூமில் பழுதான பார்ட்டை மாற்றுவார்கள், சரிசெய்ய மாட்டார்கள். போர் போடுவது, வால்வு லேப்பிங், கிராங்க் வேலை, லேத்துக்காரரிடம் பேசி ஒரு புஷ் அடித்து வாங்குவது எல்லாம் உங்கள் அண்ணனிடம்தான் கிடைக்கும்.

அதனால் அண்ணனை விட்டுவிடாதீர்கள். இதைத்தான் உங்கள் திட்டத்தின் மையமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். பகலில் ஐ.டி.ஐ., ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அண்ணன் ஒர்க்ஷாப். அவரிடம் போய், 'அண்ணே, நம்ம கடையிலிருந்து திரும்பிப் போற வண்டியை நாமே பார்க்கணும், அதைக் கத்துக்கிட்டு வர்றேன்' என்று சொல்லுங்கள். கோர்ஸ் பெரிதா அனுபவம் பெரிதா என்ற வாதத்துக்குள் போகவே வேண்டாம். அதற்கு முன் ஒரு மாதம், திரும்பிப் போகும் ஒவ்வொரு வண்டியையும் நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன மாடல், எந்த வருடம், என்ன கம்ப்ளைண்ட், சரி செய்திருந்தால் எவ்வளவு கூலி வந்திருக்கும். மாதக் கடைசியில் அந்த நோட்டை அவரிடம் காட்டினால் நீங்கள் பேசவே தேவையில்லை. ஐ.டி.ஐ.யில் எந்தப் பாடத்தில் ஆசிரியரைக் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டும் என்பதற்கும் அதே நோட்டுதான் உங்களுக்கு வழிகாட்டி.

தனியார் மையத்தையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். 'அரசு அங்கீகாரம்' என்று போர்டில் எழுதியிருந்தால், எந்த அமைப்பின் அங்கீகாரம், கடைசியில் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும் என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. சான்று என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குத் தருவது. உத்யம் பதிவு என்பது சிறுதொழில் என்று பதிந்துகொண்டதற்கு அடையாளம். இந்த இரண்டும் அவர்கள் தரும் பயிற்சிக்கான அங்கீகாரம் ஆகாது. பலர் இதைக் காட்டித்தான் பெற்றோரை நம்பவைக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 'வேலை நிச்சயம்' என்றால், போன பேட்ச்சில் முடித்த நான்கைந்து பேரின் போன் நம்பர் தாருங்கள் என்று கேளுங்கள். அவர்களிடம் எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று நீங்களே விசாரியுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதில் மயங்க வேண்டாம்.

ஐ.டி.ஐ.க்கு இந்த வருடம் இடம் கிடைக்காமல் போனால்? வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை, 'ஆர்செட்டி' என்பார்கள், போய்ப் பாருங்கள். இருசக்கர வாகனம் பழுதுபார்க்க 30 நாள் பயிற்சி இலவசமாக, சாப்பாடு, தங்கும் இடத்தோடு தருகிறார்கள். 30 நாளில் மேலே சொன்ன எல்லாம் வராது, தொழிற்சான்றிதழுக்கு அது ஈடும் இல்லை. ஆனால் கணக்கு எழுதுவது, வங்கியில் எப்படிப் பேசுவது என்பதையும் அங்கே சொல்லித்தருகிறார்கள். ஒர்க்ஷாப் வைக்க நினைக்கிறவருக்கு அதுவும் வேண்டும்.

இங்கிலீஷ் பயம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். வயரிங் டயக்ராமில் இருப்பது பெரும்பாலும் கோடும் நிறமும்தான். ஹீரோ, ஹோண்டாவில் பச்சை ஒயர் எர்த், பஜாஜில் கருப்பில் மஞ்சள் கோடு எர்த், யமஹாவில் கருப்பு எர்த். இதைத் தெரிந்துகொள்ள என்ன இலக்கணம் வேண்டும்? மேனுவலில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான், அதில் பாதியை ஒர்க்ஷாப்பில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாத சொல் வந்தால் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.

எலக்ட்ரிக் வண்டியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஆயில் மாற்றுவது, கிளட்ச், பிஸ்டன், டேப்பெட் என்று இன்று நமக்குச் சோறு போடும் பல வேலைகள் அதில் இல்லை. அவை குறையும், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பேட்டரி பேக்கை கம்பெனி சீல் செய்துதான் தருகிறது. வெளியே பிரித்தால் வாரண்டி போய்விடும், தெரியாமல் கை வைத்தால் தீயும் பிடிக்கும். இன்னொரு பக்கம், பிரேக், டயர், சஸ்பென்ஷன், பேரிங், வயரிங், கனெக்டர், த்ராட்டில் சென்சார் எல்லாம் அதிலும் உண்டு. நம் ரோடும் நம் மழையும் எலக்ட்ரிக் வண்டிக்கென்று தனியாக இரக்கம் காட்டாது. அந்த வண்டி வரும்போது பிழைக்கப்போவது யார் என்றால், மல்டிமீட்டரோடு பழகியவர்தான். ஆகவே நீங்கள் பி.எஸ். 6-க்காகக் கற்கும் எலக்ட்ரிக்கல் நாளைக்கும் உதவும். பெட்ரோல் வண்டிகளும் உடனே மறைந்துவிடாது. இன்று விற்கும் ஸ்ப்ளெண்டர் இன்னும் 15 வருடம் நம் ஊரில் ஓடும்.

படிப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒர்க்ஷாப்புக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் இன்ஜின் ஆஃபில் பேட்டரி வோல்ட்டேஜ், ஓடும்போது வோல்ட்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் மூன்றையும் எழுதி வையுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றும் வண்டி கிடைத்தால், பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, இன்ஜின் பாடியில் ஒரு முனை வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புது பேட்டரி போட்டும் சரியாகாத எத்தனையோ வண்டிகள் இந்த ஒரு சோதனையில் சரியாகும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வரும்போது பக்கத்தில் நின்று, ஏன் அந்த ஒயரை முதலில் பார்த்தார் என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், சொல்வார்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் பெட்ரோலில் பார்ட்ஸ் கழுவுவதை நிறுத்துங்கள், கையுறை போடுங்கள். பிரேக் டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிடவே கூடாது, அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எலக்ட்ரிக் வண்டியில் கை வைக்கும் நாள் வந்தால் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட்டு வையுங்கள்.

சொந்த ஒர்க்ஷாப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று தெரியும். அப்போதும் நகை வேண்டியிருக்காது. முத்ரா கடனில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள், முதல் கருவிகளுக்கு அது போதும். பெரிதாக வைக்க நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில், வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தைக் கேளுங்கள், 25 சதவீதம் மானியம் உண்டு. அங்கே திட்ட அறிக்கை கேட்பார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழும் சர்வீஸ் சென்டர் அனுபவமும் கையில் இருந்தால் வங்கி மேலாளரிடம் பேசுவது எளிது.

ஐ.டி.ஐ. சேர்க்கை வழக்கமாக பள்ளித் தேர்வு முடிவுகள் வந்த பிறகு ஆன்லைனில் நடக்கும். கலந்தாய்வில் நிரம்பாத இடங்களுக்கு நேரடிச் சேர்க்கையும் வைப்பார்கள். மாற்றுச் சான்றிதழ், 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் இப்போதே எடுத்துத் தயாராக வையுங்கள். மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து இன்னும் வாங்காமல் இருந்தால் இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். தனியார் மையத்தில் முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், திரும்ப வாங்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.